பாக்ஸ்என் வேகனுக்கு அச்சடித்த நிலக்கரி லோடு: வாங்கலாமா?

எச்.ஓ. அளவில், அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்காக, பாக்ஸ்என் என்கிற மேலே திறந்த சரக்கு வேகனின் மாடல் வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒரே குறைதான். வேகன் நன்றாக இருக்கும், பெயின்ட் நன்றாக இருக்கும், பக்கவாட்டு எழுத்துகூடச் சரியாக இருக்கும், மேலிருந்து பார்த்தால் வெறும் தொட்டி. மாடல் ரயில் ஓடுகிற லேஅவுட்டை நாம் பார்ப்பதே மேலிருந்துதான் என்பதால் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். அதற்காக ஆன்லைனில் த்ரீ-டி பிரின்ட் செய்த நிலக்கரி லோடு கிட் ஒன்றை வரவழைத்தேன். ஆறு லோடு, மேலே கரி போலத் தூவ ஒரு பாக்கெட் கருப்புக் குருணை, சின்ன பாட்டிலில் பசை, எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய், கூரியர் தனி. விற்பவர் வீட்டில் பிரின்டர் வைத்துத் தனி ஆளாகச் செய்கிறவர், அதனால் பெயர் போடவில்லை. இந்த வகை அச்சு லோடு யாரிடம் வாங்கினாலும் கவனிக்க வேண்டியது கிட்டத்தட்ட இதேதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டப்பாவைப் பிரித்து அப்படியே வேகனில் வைத்து ஓட்டலாம் என்று நினைத்தால் வேண்டாம். இதை ஒரு அடித்தளமாக எடுத்துக்கொண்டு மேலே நாமே கரி போட்டு முடிப்போம் என்றால் தாராளமாக வாங்கலாம், நேரம் மிச்சம்.

முதலில் அளவு. நிஜ பாக்ஸ்என் வேகனின் உள் நீளம் 9,784 மி.மீ., உள் அகலம் 2,950, உயரம் 1,950. 87ஆல் வகுத்தால் நீளம் 112.5, அகலம் 33.9 மி.மீ. வரும். ஆனால் மாடல் வேகனின் சுவர் நிஜத்தைவிடக் கனமாகத்தான் வார்க்க முடியும் என்பதால் உள்ளே அந்த இடம் கிடைக்காது. இதைப் புரிந்துகொண்டு கிட் செய்தவர் லோடை 111க்கு 31 என்று குறைத்திருக்கிறார், அது சரிதான். என்னிடம் இருக்கிற ஒரு தயாரிப்பின் வேகனில் கச்சிதமாக உட்கார்ந்தது, இன்னொன்றில் இரண்டு பக்கமும் கோடு போட்ட மாதிரி இடைவெளி. இடைவெளி இருப்பது பெரிய விஷயமில்லை, குருணை போடும்போது மூடிக்கொள்ளும். இறுக்கமாக இருந்திருந்தால்தான் தொல்லை, ஏனென்றால் உள்ளே அழுத்தினால் பக்கச் சுவர் வெளியே பிதுங்கும், பிதுங்கிய பாக்ஸ்என் பார்க்கச் சகிக்காது. (நிஜத்தில் பிதுங்கிய பாக்ஸ்என் எத்தனையோ ஓடுகிறது, அது வேறு கதை.)

இப்போது குறைக்கு வருகிறேன். பிரின்டர் அடுக்கடுக்காக அச்சடிப்பதால் சரிவுகளில் படிக்கட்டு விழுந்திருக்கிறது. மேட்டின் உச்சியில் அவ்வளவாகத் தெரியாது, சுவரை ஒட்டி இறங்குகிற இடத்தில் ஒவ்வொரு அடுக்கும் எண்ணலாம். கருப்புப் பிளாஸ்டிக் என்பதால் வெளிச்சம் பட்டால் மினுமினுக்கிறது வேறு. இதுவாவது மேலே கரி போட்டால் மறைந்துவிடும். மறையாத குறை ஒன்று இருக்கிறது: ஆறு லோடும் ஒரே தட்டில் வெந்த இட்லி. முன்னால் ஒரு பெரிய மேடு, நடுவில் பள்ளம், பின்னால் ஒரு சின்ன மேடு, ஆறிலும் அதே. தனியாக ஒன்றை எடுத்துப் பார்த்தால் அழகுதான். வரிசையாக ஓடும்போது கண் உடனே பிடித்துவிடும். மூன்றைத் திருப்பி வைத்தால் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான் செய்ய முடியும். ஒரே கோப்பை ஆறு முறை அச்சடிக்காமல் மூன்று வடிவமாவது வரைந்திருக்கலாம், பிளாஸ்டிக் செலவு அதேதான்.

நிஜ லோடு எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை இருப்பவர்கள் ஏதாவது ஒரு ஜங்ஷனின் நடைமேம்பாலத்தில் போய் நில்லுங்கள். எங்கள் பக்கம் என்றால் ஜோலார்பேட்டை போதும். மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கான கரி ஒடிசாவின் தால்ச்சேரிலிருந்து பாராதீப் வந்து, கப்பலில் எண்ணூருக்கு வந்து, அங்கிருந்து ரேக்கில், அதாவது ஒரே சரமான சரக்கு ரயிலில், ஏறி அரக்கோணம், ஜோலார்பேட்டை, சேலம் வழியாகப் போவது பல வருஷ வழக்கம். பாலத்தின் மேலிருந்து 58 வேகனும் காலடியில் நகரும்போது தெரியும், ஒன்று போல ஒன்று இல்லை. பேலோடர் எந்திரத்தால் அள்ளிக் கொட்டிய ரேக் என்றால் ஒரு வேகனில் இரண்டு மேடு, இன்னொன்றில் மூன்று, சிலதில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், ஓரத்தில் சுவர் மேலேயே இரண்டு கட்டி உட்கார்ந்திருக்கும். மேலே சைலோ என்கிற உயரமான கரித் தொட்டி வைத்து வேகன் நகர நகர நிரப்புகிற ரேக் என்றால் அதற்கு நேர்மாறு, நீளவாக்கில் ஒரே சீரான முதுகு. ஆக, ஒரே மாதிரி ஆறு லோடு வேண்டும் என்றால் அது சைலோ லோடாக இருக்க வேண்டும், பேலோடர் மேடாக இருந்தால் ஆறும் வேறு வேறாக இருக்க வேண்டும். இந்த கிட் பேலோடர் மேட்டை எடுத்துக்கொண்டு சைலோவின் ஒழுங்கோடு தந்திருக்கிறது. எனக்கு உறுத்துவது இதுதான்.

அமெரிக்க வேகன் வைத்து பவுடர் ரிவர் பேசின் சுரங்கப் பகுதியின் கரி ரயில் ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அங்கே தூசி பறக்காமல் இருக்க லோடின் மேல்பாகத்தை வழவழப்பாக உருட்டிச் சீவி, மேலே ஒட்டுகிற மருந்தும் தெளிக்கிறார்கள், ஒரே அச்சு நூறு வேகனுக்கும் பொருந்தும். நம் ஊர் ரேக்குக்கு அது செல்லாது.

அடுத்தது குருணை. கிட்டோடு வந்த பாக்கெட்டைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் பெரும்பாலானவை 3 மி.மீ. 87ஆல் பெருக்கினால் கால் மீட்டருக்கு மேல், அதாவது ஒரு ஆள் கட்டிப்பிடித்துத் தூக்குகிற கட்டி. மின் நிலையத்துக்குப் போகிற கரியை இப்போது 100 மி.மீ.க்குள் நொறுக்கித்தான் அனுப்புகிறார்கள். மாடலில் அது 1.15 மி.மீ. அதைவிடப் பெரிய கட்டி அங்கொன்றும் இங்கொன்றும் இருக்கலாம், ஆனால் முழுக்க அதுவாகவே இருந்தால் வேகன் சின்னதாகத் தெரிய ஆரம்பித்துவிடும். வேகனின் அளவை நம் கண் லோடை வைத்துத்தான் எடை போடுகிறது. இன்னொன்று, நிஜக் கரியில் பொடி நிறைய இருக்கும். கட்டிகள் அந்தப் பொடியில் புதைந்து கிடக்கும், மேலே சல்லி பரப்பியது போல நிற்காது. கிட் பாக்கெட்டில் பொடியே இல்லை, சுத்தமாகச் சலித்து எடுத்துவிட்டிருக்கிறார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், பலன் தலைகீழ்.

அதனால் குருணையை மாற்றினேன். வெளிநாட்டு மாடல் கடைகளில் உட்லண்ட் சீனிக்ஸ் நிறுவனத்தின் கரி இரண்டு ரகம் கிடைக்கும், மைன் ரன் என்று ஒன்று, லம்ப் என்று ஒன்று. மைன் ரன்னில் பொடியும் கட்டியும் கலந்தே வரும், நம் வேலைக்கு அதுதான். லம்ப் ரகம் வீட்டு அடுப்புக் கரி, நீராவி எஞ்சினுக்குப் பின்னால் கரி ஏற்றுகிற டெண்டர் போன்றவற்றுக்கு அழகாக இருக்கும். தரத்தில் சொல்ல ஒன்றுமில்லை, நம் ஊருக்கு வந்து சேரும்போது விலைதான் கண்ணைக் கட்டுகிறது. உள்ளூரில் தேடினால் மூன்று வழி உண்டு. மீன்தொட்டிக் கடையில் விற்கிற கருப்பு மணல் வேண்டவே வேண்டாம், சாயம் போட்ட கல், பளபளப்பு போகாது, உருண்டையாக வேறு இருக்கும். இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டால் ஒரு கை கரி சும்மாவே தருவார். அது மரக்கரி, நுணுக்கினால் நல்ல மங்கல் கருப்பு, எடையும் இல்லை. ஆனால் விரல் பட்டால் நொறுங்கும், பசை நன்றாக ஊறினால்தான் நிற்கும். சிறந்தது கொல்லுப்பட்டறைக் கரி. அது நிஜ நிலக்கரியேதான், உடையும்போது வருகிற முனையும் முகமும் 1:87லும் அப்படியே வரும், எந்தத் தொழிற்சாலைக் குருணையிலும் அது கிடையாது. துணியில் சுற்றி சுத்தியலால் தட்டி, ரவை சல்லடையில் ஒரு முறை, டீ வடிகட்டியில் ஒரு முறை சலித்தால் மூன்று அளவு தனித்தனியாகக் கையில் வந்துவிடும். மொட்டை மாடியில் செய்யுங்கள், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் செய்தால் வருகிற பேச்சுக்கு நான் பொறுப்பில்லை.

கிட்டோடு வந்த பசையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெள்ளைப் பசை, ஏற்கெனவே தண்ணீர் கலந்தது, ஆறு லோடுக்குப் போதாது. வீட்டில் ஃபெவிகால் இருந்தால் அதுவே போதும். நான் செய்கிற முறை இது. அச்சு லோடை முரட்டு உப்புத்தாளால் தேய்த்து மினுக்கை எடுத்துவிட்டு, மங்கல் கருப்பு அக்ரிலிக் ஒரு பூச்சு. காய்ந்ததும் தண்ணீர் கலக்காத பசையைப் பிரஷ்ஷால் தடவி, டீ வடிகட்டியில் தங்கிய ஒரு மி.மீ. ரகத்தை முதலில் தூவி விரலால் லேசாக அமுக்க வேண்டும். இந்தக் கட்டத்திலேயே மேடுகளை மாற்றிக்கொள்ளலாம்: ஒன்றில் சின்ன மேட்டை அறுத்து எறிந்துவிட்டேன், இன்னொன்றில் பள்ளத்தில் ஃபோம் துண்டு ஒட்டி மூன்றாவது மேடு எழுப்பினேன், ஆறும் ஆறு விதமாகிவிட்டது. அப்புறம் பொடி. மேட்டின் உச்சியிலிருந்து தூவினால் அது தானாகவே சரிந்து பள்ளத்தில் தேங்கும், நிஜத்திலும் அப்படித்தான் தேங்குகிறது, நாம் ஒதுக்கிவிடத் தேவையில்லை. கடைசியில் ரவை சல்லடையில் தங்கிய பெரிய கட்டிகள், ஒரு லோடுக்கு ஏழெட்டு, அதுவும் சரிவின் அடிவாரத்தில். பெரிய கட்டி உருண்டு கீழே போய்த்தான் நிற்கும், உச்சியில் உட்காராது.

எல்லாம் வைத்தபின் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மேலாகத் தெளித்து ஈரமாக்கிவிட்டு, ஒரு பங்கு பசைக்கு மூன்று பங்கு தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து மருந்துக்கடை சிரிஞ்சால் ஓரத்திலிருந்து விட வேண்டும். மேலே நேராக விட்டால் பொடி குழிந்து ஓட்டை விழும். எந்த வெள்ளைப் பசையும் காய்ந்தால் கொஞ்சம் மினுக்கும், அதற்கு மேட் வார்னிஷ் ஒரு தெளிப்பு.

இங்கே நிறுத்திவிட்டால் கரி கருகருவென்று இருக்கும், அது நம் கரி இல்லை. இந்திய மின் நிலையக் கரியில் 35 முதல் 45 சதவீதம் சாம்பல், அதனால் நிறம் கருப்பும் இல்லை, சாம்பலும் இல்லை, இடையில் ஒரு மண் படிந்த நிறம். சாம்பல் நிற அக்ரிலிக்கைப் பிரஷ்ஷில் தொட்டு, காகிதத்தில் நன்றாகத் துடைத்துவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் மேடுகளின் உச்சியில் மட்டும் இழுத்தால் வந்துவிடும். இன்னொன்று, இதை மாடலில் செய்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை: சுண்ணாம்பு. வழியில் கரி திருடு போனால் தெரிய வேண்டும் என்று சுரங்கத்தில் வேகன் நிரப்புகிற சைடிங்கிலேயே லோடின் மேல் சுண்ணாம்புத் தண்ணீர் தெளிப்பது நம் ஊர் வழக்கம். யாராவது மேலிருந்து அள்ளியிருந்தால் அந்த இடம் மட்டும் கருப்பாகக் காட்டிக்கொடுக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் தண்ணீராகக் கரைத்த வெள்ளை அக்ரிலிக் தொட்டு, விரலால் சுண்டி, நீளவாக்கில் ஒழுங்கில்லாத ஒரு பட்டை விழ வைத்தால் போதும். ஒரு வேகனில் அந்தப் பட்டையின் நடுவே யாரோ அள்ளிய மாதிரி ஒரு கருப்புக் குழி விட்டு வைத்திருக்கிறேன். ரயில்வேயில் வேலை பார்த்த சித்தப்பா ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "அடேய், இதுல ஆட்டையப் போட்டிருக்கானுங்க" என்றார். கிட் படத்தில் இப்படி ஒரு வெள்ளைக் கோடுகூடக் கிடையாது. ஆனால் கப்பல் மாறி வருகிற கரிக்கு இது பொருந்தாது, சுரங்கத்திலிருந்து நேராக வருகிற ரேக்குக்கு மட்டும் போடுங்கள்.

எடை விஷயத்தில் கிட்டுக்கு முழு மதிப்பெண். உள்ளே பொள்ளலாக அச்சடித்திருப்பதால் ஒரு லோடு 22 கிராம்தான். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் பரிந்துரைப்படி எச்.ஓ. வேகனுக்கு ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். பாக்ஸ்என் இணைப்புக் கொக்கியான கப்ளரோடு சேர்த்து 10,713 மி.மீ., மாடலில் 123 மி.மீ., ஏறத்தாழ 4.85 அங்குலம், கணக்குப் போட்டால் 97 கிராம் வரும். காலி வேகனையே அந்த எடைக்குப் பக்கத்தில் அடிச்சட்டத்தில் ஈயமோ வாஷரோ ஒட்டிக் கொண்டுவந்துவிட்டு, லோடை எவ்வளவு முடியுமோ அவ்வளவு லேசாக வைப்பதுதான் சரி. ரெசினில் கெட்டியாக வார்த்த லோடுகளும் விற்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் எடை முழுக்க வேகனின் தலையில் உட்காரும். வளைவில் ஆடும், ரேக்கில் லோடும் காலியும் கலந்து ஓட்டினால் முன்னால் இருக்கிற லேசான வேகனைப் பின்னால் இருக்கிற கனமான வேகன்கள் வளைவின் உள்பக்கம் இழுத்துத் தள்ளிவிடும். வீட்டு லேஅவுட்டின் வளைவுகள் எவ்வளவு இறுக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

லோடைக் கழற்றி எடுக்க வழி செய்திருக்கிறார், பாராட்ட வேண்டியதுதான், ஏனென்றால் கரி ரேக் என்றால் போகும்போது லோடு, வரும்போது காலி, இரண்டும் ஓட்டினால்தான் அர்த்தம். அடியில் ஒரு வட்டக் குழி, அதில் இரும்பு வாஷர் ஒட்டிக்கொண்டு மேலிருந்து காந்தத்தால் தூக்கலாம் என்கிறார். யோசனை நல்லது, இடம் தப்பு. அடியில் ஒட்டினால் காந்தத்துக்கும் வாஷருக்கும் நடுவே முழு லோடின் கனமும் இருக்கிறது, சின்ன நியோடைமியம் காந்தத்தால் இழுக்க முடியவில்லை. வாஷரை மேல்பக்கம் மேட்டின் உச்சியில் பள்ளம் தோண்டி ஒட்டி, அதன்மேல் கரி போட்டால் காந்தம் காட்டியவுடனே துள்ளி வருகிறது. வாஷருக்கு முதலில் கருப்பு அடித்துவிடுங்கள், துருப் பிடித்தால் கரி நடுவே செம்மண் கசியும்.

இரும்புத் தாது லோடாகவும் இதையே பயன்படுத்தலாம் என்று விளம்பரத்தில் இருக்கிறது. பயன்படுத்தாதீர்கள். பாக்ஸ்என்னின் கொள்ளளவு சுமார் 56 கன மீட்டர், முதலில் வந்த வடிவத்தின் சுமைத்திறன் 58 டன். கரி லேசானது, விளிம்பு வரை கொட்டினால்தான் அந்த எடை வரும். தாது கரியைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் கனம், பாதி வேகன் நிறையுமுன்பே எடை முடிந்துவிடும். பெல்லாரி, ஹொசபேட்டை பக்கமிருந்து வருகிற தாது ரேக்கை எட்டிப் பார்த்தால் வேகனுக்குள் ஆழத்தில் சிவப்பாகக் கிடக்கும், வெளியே இருந்து பார்த்தால் காலி என்றே நினைப்போம். இதற்காகவே பக்கச் சுவரைக் குட்டையாக்கி பிஓஒய் என்று தனி வேகனே செய்தார்கள். விளிம்புக்கு மேல் குவிந்த தாதுவோடு ஒரு பாக்ஸ்என் ஓடினால் சக்கர அச்சே தாங்காது. தாது லோடு வேண்டும் என்றால் கிட் தேவையே இல்லை: கனமான அட்டையை வேகனின் கால்வாசி உயரத்தில் இறக்கி, பெயின்ட் கடைக் காவிப் பொடியில் கொஞ்சம் கரிப்பொடி கலந்து மணலோடு ஒட்டினால் முடிந்தது. செங்கல் பொடி மட்டும் போட்டால் ஆரஞ்சாகப் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. இது பிஎல்ஏ பிளாஸ்டிக், 60 டிகிரியை நெருங்கினாலே இளகும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்துக் கண்காட்சிக்கு எடுத்துப்போனால் வளைந்துதான் வரும்.

கணக்குப் பார்த்தால் ஒரு லோடுக்கு 200 ரூபாய். கறுப்பு ஃபோம் ஷீட்டை வெட்டி நாமே அடித்தளம் செய்தால் ஒன்றுக்கு 20 ரூபாய்கூட ஆகாது, ஆனால் ஆறையும் ஒரே அளவில் நேராக வெட்ட எனக்குப் பொறுமை கிடையாது, இருப்பவர்கள் அந்த வழியில் போகலாம். இரண்டு மூன்று வேகன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஃபோம் போதும். பத்து, இருபது என்று ரேக் சேர்ப்பவர்களுக்கு இந்த அச்சு அடித்தளம் உதவும். அளவுக்கும் எடைக்கும் சேர்த்து ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம், குருணை பாக்கெட்டுக்கு ஒன்றுமில்லை. விற்பவருக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பியதற்கு, அடுத்த தடவை குருணை இல்லாமல் வெறும் அடித்தளம் மட்டும், மூன்று வடிவத்தில், குறைந்த விலைக்குத் தர முடியுமா என்று பார்ப்பதாகப் பதில் வந்திருக்கிறது. ஒரு வடிவமாவது சைலோ முதுகாக இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறேன். வந்தால் இன்னொரு செட் வாங்குவேன்.